கோட்டூர்புரம் பாலத்தில் ஆரஞ்சுப் பழங்கள்

அடையாற்றில் வெள்ளம் வந்ததற்கு ஊரே பயந்தது. டெல்பினுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஆறு எவ்வளவு கார்பனைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெள்ளக் கணக்கு மட்டும்தான் பாக்கி. இன்று விட்டால் அடுத்த மழைக்காலம் வரை காத்துக் கிடக்க வேண்டும்.

பாலத்திலிருந்து வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு புட்டிகளை நிரப்பிவிட்டாள். அடுத்து வேகம். அதை அளக்கும் கருவியைக் கயிற்றோடு இறக்கினாள். வெள்ளம் அதைக் கயிற்றோடு கொண்டுபோய்விட்டது. பாழாய்ப்போன கருவி!

அதனாலென்ன, ஆரஞ்சு இருக்கிறதே. பாதி முழுகி ஆற்றோடு போகும், நிறமோ தூரத்திலேயே தெரியும். ஒரு பை நிறைய வாங்கி வந்து ஒன்றை வீசினாள். கீழே கரையோரம் கூட்டாளி நந்தகுமார், அது தன்னைத் தாண்டும் நேரத்தைக் குறிக்கக் காத்திருந்தான்.

அந்த வழியாக ஸ்கூட்டியில் வந்த முத்துமாரி என்ற பெண் வண்டியை நிறுத்தினாள்.

"அமாவாசையில பழம் போடுறியே, இன்னா தோஷம்மா?"

"தோஷமெல்லாம் இல்லக்கா. தண்ணி எவ்ளோ வேகமா போவுதுன்னு பாக்குறேன்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு போல. சரி, உடு."

மகளுக்கு வரன் அமைய வேண்டி, வாங்கி வைத்திருந்த எலுமிச்சையை எடுத்து ஆற்றில் போட்டாள். அதைப் பார்த்து ஆட்டோக்காரர் நிறுத்தினார். பிறகு கேட்பானேன், பாலமே நின்றுவிட்டது.

நந்தகுமார் போனில் அலறினான். "எலுமிச்சை, பூசணிக்கா எல்லாம் வருது. உன்னுது எது?"

டெல்பினுக்கு அழுகை முட்டியது. சட்டென்று சிரிப்பு வந்தது. ஓரத்தில் ஆறு மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும். அகலம் முழுக்கப் பழம் போட அவளுக்கு ஆள் ஏது? இதோ, ஆள்!

"போடுறதுன்னா இதப் போடுங்க," என்று ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்து, கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தாள். "நான் கை தூக்குனதும் போடணும்."

"யாரும் முந்தக் கூடாது," என்று அதட்டினாள் முத்துமாரி. "அப்பதான் பலிக்கும்."

கை உயர்ந்தது. பழங்கள் சேர்ந்து விழுந்தன. நடுவில் விழுந்தவை பாய்ந்தோட, ஓரத்தில் விழுந்தவை சோம்பேறிகளாகப் பின்தொடர்ந்தன.

"எல்லாம் வந்துடுச்சு," என்றான் நந்தகுமார். "ஒண்ணுகூட விடல. கணக்கு முடிஞ்சுது, டெல்பின்."

அவள் நடுப்பாலத்தில் குதித்தாள், அழுதாள், முத்துமாரியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

"பாத்தீங்களா," என்றாள் முத்துமாரி எல்லோரையும் பார்த்து, "போட்ட கையோட பலிச்சுடுச்சு. பழம் எங்கம்மா வாங்குன?"

இதை டெல்பின் எப்படி மறுப்பாள்? கேட்டது கிடைத்துவிட்டதே. பழக்கடை இருக்கும் பக்கம் கை காட்டினாள்.