ஐந்தாம் எண் சட்டை கூரை ஏறிய நாள்

ரௌனோ ஹியெட்டிக்கோவின் முகத்தை ஊரே அறியும். எனக்குப் பழக்கம் அவன் முதுகுதான். ஐஸ் ஹாக்கியில் அவன் தடுப்பாட்டக்காரன், நான் அவனுக்குப் பின்னால் நின்று கோல் காத்தவன். அந்த முதுகின் தயவில்தான் என் பற்களில் பாதியாவது மிஞ்சியது. நாட்டுக்கு இரண்டு முறை தங்கம் வாங்கித் தந்தான். கோல் போடுபவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டல் இவனுக்கும் கிடைத்தது என்றால் சும்மாவா?

ஆட்டத்தை விட்ட பிறகு அரங்கின் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பான். இரு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். பெரிய ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எங்கள் பனிநாட்டுக்காரர்களின் நாகரிகம். அந்தப் பாழாய்ப்போன நாகரிகம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது. மனைவியும் பிரிந்துபோய்விட்டாள். வீட்டில் பேச்சுத்துணை ரேடியோதான்.

அவனுடைய ஐந்தாம் எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று முடிவுசெய்து, சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றித் தொங்கவிடும் மரியாதைக்கு கிளப் அழைத்தது. உடனே எனக்கு போன் செய்தான்.

"கலெர்வோ, மேட்ச் முடிஞ்சதும் பசங்க சவுனாவுக்கு என்னையும் கூப்பிடுவாங்களாடா?"

"சட்டைய கூரைல ஏத்துறாங்க, உனக்கு சவுனா கவலையா?"

"சட்டைய ஏத்தினா ஏத்திட்டுப் போறாங்க. அவங்களோட உக்காரணும்டா."

எனக்குப் புரிந்தது. சவுனா எங்கள் ஊர் நீராவிக் குளியலறை. ஆட்டத்துக்குப் பிறகு எல்லோரும் அந்தச் சூட்டில் துணியில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்து, அன்று தப்பு செய்தவனைக் கிழி கிழி என்று கிழிப்போம். அங்கே கேலிக்கு ஆளாகாதவன் எங்கள் ஆள் இல்லை.

சனிக்கிழமை சட்டை மேலே போனது. அரங்கம் எழுந்து நின்றது. ரௌனோ கூரையைப் பார்க்கவில்லை, வீரர்களின் பெஞ்சையே பார்த்தான். ஆட்டத்திலும் நம் பையன்கள் ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் நீலோ வந்து அழைத்தான். ரௌனோவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் போனான். சவுனா வாசலில் பையன்கள் வரிசையாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

"நீங்க நிம்மதியா இருங்கண்ணே," என்றான் நீலோ. "இன்னிக்கு சவுனா உங்களுக்கு மட்டும்தான். நாங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்."

மரியாதையாகக் கதவையும் சாத்தினான். வெளியே அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். பாவம், நல்ல பிள்ளைகள்.

எனக்கு மனசு கேட்கவில்லை, உள்ளே போனேன். பத்துப் பேர் உட்காரும் பலகையில் அவன் ஒரு ஓரமாக, மற்றவர்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, சிலையாட்டம் உக்காந்திருக்க? உனக்குப் போய் சட்டைய ஏத்தினாங்க பாரு! உன்னால நான் வாங்குன கோலெல்லாம் மறந்துட்டாங்க போல," என்று ஆரம்பித்தேன்.

சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"நீ திட்டினா கணக்குல சேராதுடா," என்றான். "அவங்கள்ல ஒருத்தனாவது திட்டியிருக்கலாம்."