தூங்கும் சாமியின் ஜனங்கள்

"சரி, உன் ஜனங்களுக்கு சாமி உண்டா?" என்று தங்கையிடம் கேட்டான் லிஃப்ட் மெக்கானிக்.

ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டி, மேஜையை விட்டு நகராமலே காடு மலையெல்லாம் சுற்றி வரும் விளையாட்டு அது. கதையை நடத்துகிறவன் மெக்கானிக். அவனுடைய நண்பன், வாயை மூடாததால் ரேடியோ என்றே பெயராகிப்போனவன், எடுத்த எடுப்பில் ஒரு குடிகாரக் குள்ளனாகிவிட்டான். தங்கையின் கணவர் அரசனானார். தங்கை வீட்டில்தான் ஆட்டம்; வழக்கமாக அடுக்களைக்குள் போய்விடும் அவளை அன்று மதியம் வம்படியாகப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். விளையாட்டுப் புத்தகத்திலிருந்த எந்த இனமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்றைச் செய்துகொள்கிறேன் என்றாள்.

"உண்டுண்ணா. வீட்டுக்கு ஒரு சாமி. வீட்டுக்குள்ளேயே தூங்கும். எழுப்பிடக் கூடாது."

மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை. இவளுக்குள் இவ்வளவு கற்பனையா! "அப்போ எப்படிப் பொழப்ப ஓட்டுவாங்க?"

"கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டு வைப்பாங்க. கரண்டிய ஈரத்துணி மேலதான் வைப்பாங்க. இருமல் வந்தா தலகாணியில."

"தும்மல் வந்தா?" என்றான் ரேடியோ.

"அதுக்கும் தலகாணிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். மெக்கானிக்கின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுபோனது. சற்றுமுன் தண்ணீர் எடுக்கப் போனபோது அடுக்களை மேடையில் மடித்த ஈரத்துணியைப் பார்த்திருந்தான். அதன்மேல் கரண்டிகள் வரிசையாகக் கிடந்தன. லிஃப்டுக்குள் எங்கேயோ ஒரு முனகல் கேட்டாலே பழுது எதுவென்று சொல்லிவிடுகிறவன் அவன். இந்த வீட்டில் ஒரு கதவுகூட முனகியதில்லை என்பது மட்டும் இத்தனை வருஷமாக அவன் காதில் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன அமைதி என்று அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறான். படுபாவி!

"சாமி முழிச்சுக்கிட்டா?" ரேடியோ விடவில்லை.

தங்கை பகடையைப் பார்த்தாள். பதில் சொன்னவர் மாப்பிள்ளை. "யாரு எழுப்பினதுன்னு கேக்கும்." முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அவள் பக்கம் திரும்பினார். "இதையெல்லாம் வெளியாளுங்ககிட்ட சொல்லலாமா, உங்க ஜனத்துல?"

"கூடாதுங்க."

"பின்ன ஏன் சொன்ன?"

"சும்மா... விளையாட்டுக்குத்தானே."

எழுந்துபோய் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்கலாமா என்று மெக்கானிக்குக் கை பரபரத்தது. பிடித்துவிட்டு அவன் போய்விடுவான்; அவள் அல்லவா இங்கே இருக்க வேண்டும்?

"அந்த ஜனங்க, ஆபத்துன்னா எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று தங்கையிடம் கேட்டான்.

"அத இன்னும் யோசிக்கலண்ணா."

"யோசி. எப்படிக் கூப்பிட்டாலும் சரி, வாசல்ல ஒருத்தன் நிப்பான். என் கதையில அது உண்டு."

"இன்னைக்குப் போதும் மச்சான்," என்று மாப்பிள்ளை புத்தகத்தை மூடினார்.

கிளம்பும்போது மெக்கானிக் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னான்: "ரெண்டு நாள் நம்ம வீட்டுல வந்து இரேன். அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். "இல்லண்ணா. வேலை கெடக்கு."

அவர்களுக்குப் பின்னால் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. லிஃப்ட் வந்தது. "நீ போ," என்று ரேடியோவை அனுப்பிவிட்டு மெக்கானிக் கதவருகிலேயே நின்றான். உள்ளே பேச்சில்லை, நடமாட்டமில்லை. ஒன்றுமில்லாததற்கு நாமாகப் பயந்துகொண்டோமோ என்றுகூட நினைத்தான்.

அப்போது உள்ளே ஒரு தட்டு விழுந்தது. தரையில் உருண்டு, சுழன்று, அது அடங்குவதற்குள் இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவள் யோசித்து முடித்துவிட்டாள்.

மணியில் வைத்த விரலை அவன் எடுக்கவே இல்லை. காலடிகள் நிதானமாக வந்து கதவுக்குப் பின்னால் நின்றன. தாழ்ப்பாள் விலகுகிறதா, இன்னும் இறுகுகிறதா என்று காதை ஒட்டவைத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக எண்ணெய் விட்டிருந்தது.