இடது கையில் வாங்கிய தேநீர்

லொரைன் டீச்சருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, கண்ணுகளா. பாடம் நடத்தும்போதும் நடந்துகொண்டேதான் இருப்பாள். துவாஸ் தொழிற்பேட்டையில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்கின் நர்சுகளுக்கு, ஞாயிறுதோறும் தேவாலயக் கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும், ஊழியர்கள் கூடுகிற தேக்கா கடைத்தெருவில். யாராவது ஓர் ஊழியருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தமிழில் பேச வேண்டும். அதுதான் பரீட்சை.

அன்று சியூ ஹுவாவின் முறை. ஐம்பத்தாறு வயது, வகுப்பில் அவர்தான் மூத்தவர். முத்தையா என்ற வெல்டரை உட்கார வைத்து, பாடத்தில் படித்த பதினான்கு கேள்விகளையும் தப்பில்லாமல் கேட்டார்.

“உடம்பு நல்லா இருக்கா?”

“சூப்பரா இருக்கேன் மேடம். நீங்க எங்க ஊர்க்காரங்க மாதிரியே பேசுறீங்க!”

லொரைன் தாளில் டிக் போட்டாள். பதினான்குக்குப் பதினான்கு. முத்தையா சிரித்துக்கொண்டே, விடுதிக்குப் போகும் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சியூ ஹுவா நின்றுவிட்டார். ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

“டீச்சர், இடது கையில வாங்கக்கூடாது, சாப்பிடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, ஏன்?”

“அவர் தேநீரை இடது கையில வாங்கினார் லா. வடையும் இடது கையிலதான். வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்ல.”

“இடது கைப் பழக்கமா இருக்கும்” என்றாள் லொரைன். சொன்ன வாய் மூடவில்லை, அவளுடைய நிற்காத கால் நின்றது. இடது கையால் எழுதுகிற அவள் தம்பி ஆர்னால்ட்கூட வடையை வலது கையால்தான் பிய்ப்பான். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவள், அந்த மனிதருக்குப் பக்கத்திலேயே இருந்தும், வாக்கியத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மணி ஐந்து நாற்பது. இருவரும் ஓடினார்கள். நடைபாதை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முட்டி, மோதி, “சாரி, சாரிண்ணே” என்று சொல்லிச் சொல்லி, பஸ் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது முத்தையாவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான்.

“முத்தையாண்ணே! அந்தக் கையைக் காட்டுங்க!”

“எந்தக் கை? ஒண்ணுமில்ல டீச்சர்.”

“என்ன முத்தையா, ஹோம்வொர்க் செய்யலயா? டீச்சர் விரட்டிட்டு வர்றாங்க!” என்றான் பின்னால் நின்றவன். வரிசையே சிரித்தது.

லொரைன் படபடவென்று பேசினாள். காயமா, எப்போது, சூப்பர்வைசருக்குத் தெரியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் முத்தையாவின் முகம் இறுகியது. வரிசை நகர்ந்தது. பஸ் கதவு திறந்தது.

சியூ ஹுவா முன்னால் வந்தார். இதற்கு அவரிடம் பாடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தார்.

“நான் நர்ஸ். உங்க முன்னாடி உக்காந்தேன். உங்க கை பாக்கல. மன்னிச்சிடுங்க, தம்பி.”

தம்பி என்ற சொல்லை லொரைன் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தேக்காவில் எங்கோ கேட்டிருப்பார்.

முத்தையா ஏறவில்லை. பின்னால் நின்றவனுக்கு வழி விட்டார். அவனுக்கு அடுத்தவனுக்கும் விட்டார். பிறகு மெல்லக் கையை வெளியே எடுத்தார். மஞ்சள்தூள் அப்பிய துணிக்கட்டு. அதற்கு மேலே மணிக்கட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது; புண்ணின் விஷம் மேலே பரவுகிற அடையாளம்.

“கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு ஏத்திவிட்டுடுவாங்கக்கா.”

லொரைன் மொழிபெயர்த்தாள். அப்படியெல்லாம் நடக்காது என்று சியூ ஹுவா பொய் சொல்லவில்லை.

“அனுப்புவாங்களா, எனக்குத் தெரியாது” என்றார் தமிழில். “நான் கூட வரேன்.”

பஸ் போய்விட்டது. டாக்சி மருத்துவமனைக்குப் பறந்தது. முன் இருக்கையில் லொரைனின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பின்னால் சியூ ஹுவா அந்தக் கையைத் தாழாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதல் கேள்வியைக் கேட்டார்.

“உடம்பு நல்லா இருக்கா?”

பதிலுக்காகக் காத்திருந்தார்.

“இல்லக்கா” என்றார் முத்தையா. “நாலு நாளா தூங்கல.”