உஷாராணியின் அறை நகர்ந்த ஆண்டு

ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரிட்டனை விட்டுத் தனியாகப் போவதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்ட ஆண்டில், ஜலகண்டாபுரத்தில் உஷாராணியின் அறை அவள் மாமியார் வீட்டை விட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போனது. சுவரில் விரிசல் எதுவும் இல்லை. கொத்தனார் தீனதயாளன் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அஸ்திவாரமும் சேர்ந்தேதான் நகர்ந்திருக்கிறது, இதில் தனக்கு வேலை இல்லை என்று சொல்லி டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஒயர்மேன் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தான். கொட்டகையில் விசைத்தறிகள் வழக்கம்போல ஓடின. தறி நின்றால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அந்த ஊர் நிமிர்ந்து பார்க்கும்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. மாமியார் தெய்வநாயகி, கணவர் இறந்த பிறகு தறிக் கொட்டகையையும் வீட்டையும் தன் ஒரு கைக்குள் வைத்து நடத்துகிறவள். அவள் மகள் ஜெயப்பிரியா ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவள், "இங்க தனியாப் போறதா, சேந்தே இருக்கறதான்னு ஓட்டு வெக்கறாங்கம்மா. இங்க இருக்கற இந்தியாக்காரங்களுக்கும் ஓட்டு இருக்குது" என்றாள். எங்கள் பக்கத்தில் தனியாகப் போவது என்றால் ஒரே அர்த்தம்தான், தனிக்குடித்தனம். தெய்வநாயகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மருமவடி ஆரம்பிச்சு வெச்சா?" என்று கேட்டாள்.

ஜெயப்பிரியா சிரித்துவிட்டு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்று சேர்ந்த கதையை எடுத்துச் சொன்னாள். தெய்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூறு வருஷம் ஒரே உலையில் சாப்பிட்டவர்களே அடுப்பைப் பிரிக்கிறார்கள் என்றால், வந்து ஏழு வருஷமே ஆன மருமகள் எதைத்தான் செய்ய மாட்டாள் என்று அவள் பார்வை உஷாராணியின் மேல் போய் நின்றது. உஷாராணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தனிக்குடித்தனம் என்ற சொல்லை அவள் அந்த வீட்டில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லாத நாளும் இல்லை. மறுநாள் விடிந்தபோது அறை நகர்ந்திருந்தது. அவள்தான் வாய்திறந்து கேட்டுவிட்டாள் என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சோற்றுக்கோ துணிக்கோ அவளுக்குக் குறை இல்லை. தெய்வநாயகி அந்த அறைக்குள் ஒரு குரல்கூடக் கொடுக்காமல் வருவாள். மருமகள் பாவாடையோடு நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் பீரோவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போவாள். என்ன குழம்பு, எந்த விசேஷத்துக்கு எந்த நகை என்று எதையும் மருமகளிடம் கேட்டதில்லை. உஷாராணி பெற்ற மகளுக்கு என்ன பேர் வைப்பது என்றுகூட அவளிடம் கேட்டதில்லை. கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. உஷாராணி காய்ச்சலில் கிடந்தபோது கண் மூடாமல் தலைமாட்டில் இருந்தவள் அவள்தான். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாது, அவ்வளவுதான்.

ஆவணியில் ஸ்காட்லாந்தில் பேச்சு சூடு பிடித்தது. தனியாகப் போனால் அதே பவுண்டுப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா, கடலில் எடுக்கிற எண்ணெய் யாருக்கு என்று ஜெயப்பிரியா சொல்லச் சொல்ல, தெய்வநாயகி சமையலறையிலிருந்த எண்ணெய் டின்னைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தனியாகப் போகிறவர்கள் பக்கம் ஆள் சேர்ந்ததாகச் செய்தி வந்தால் அறை ஒரு முழம் விலகும். குறைந்தால் ஒரு சாண் திரும்பி வரும். டிவியில் செய்தி தொடங்கினால் வீட்டில் யாரும் பேசுவதில்லை. உஷாராணியின் கணவன் ஆனந்தகுமார் அம்மாவுக்கும் சரி, பெண்டாட்டிக்கும் சரி என்று தலையாட்டிக்கொண்டு, ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் ஊன்றி நிற்கப் பழகியிருந்தான். ஒரு நாள் வேட்டி கிழிந்தது. அதன்பின் அவன் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான்.

ஓட்டுக்குச் சில நாட்கள் இருக்கையில், தனியாகப் போகிறவர்கள் முந்துகிறார்கள் என்று கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். அன்று அறை வேப்பமரத்தைத் தாண்டிப் போய்க் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றது. அதற்கப்பால் தார்ரோடு. ரோட்டில் இறங்கிவிட்டால் பிறகு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. லண்டன் தலைவர்கள் பதறிக்கொண்டு வடக்கே ஓடி, கூடவே இருந்தால் கூடுதல் அதிகாரம் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்ததை டிவியில் பார்த்த தெய்வநாயகி, இடுப்புச் சாவியை அவிழ்த்துக்கொண்டு வாசலைக் கடந்து வந்தாள்.

"இந்தா சாமி, அரிசி ரூம் சாவி. இனிமே நீயே பாத்துக்க."

"ஏழு வருசமா இந்தச் சாவி எங்க இருந்துச்சுங்கத்தே?" என்றாள் உஷாராணி. சாவியை வாங்கவில்லை. போய்விடுவாளோ என்ற பயம் மாமியாருக்கு. போனால் திரும்ப முடியாதே என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

ஓட்டு நாளன்று மத்தியானம் ஜெயப்பிரியா கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. "சேந்தே இருக்கோணும்னு போட்டுட்டு வா" என்றாள் தெய்வநாயகி.

"இரும்மா. அண்ணி, நீங்க சொல்லுங்க. நான் எதுல போடட்டும்?"

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் அவளிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் தறிகள் நின்றன. கரண்ட் போகவில்லை. தானாக நின்றன. தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

"தனியாப் போறோம்னே போடு, ஜெயா. தோத்தாலும் தோக்கட்டும். இத்தன பேரு கேட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

தெய்வநாயகி எழுந்து உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் முற்பகலில் முடிவு வந்தது. சேர்ந்தே இருப்பதென்று தீர்ப்பு. ஆனால் ஏறக்குறையப் பாதிப் பேர் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அறை அசைந்து, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தது. வீட்டைத் தொடுவதற்கு ஓர் எட்டு வைக்கும் தூரம் இருக்கையில் நின்றுவிட்டது. ஆனந்தகுமாரும் தறிக்காரர்களும் முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். இம்மியும் அசையவில்லை. தெய்வநாயகி அந்த இடைவெளியின் ஓரத்துக்கு வந்தாள். தாண்டுவதற்குத் தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"உஷா, உள்ள வரட்டுமா?"

"வாங்கத்தே."

அந்த ஓர் எட்டு இடைவெளி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. பேரூராட்சியில் அதை ஒரே வீடு என்றுதான் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் டின் சமையலறைக்கு வந்துவிட்டது, சாவி உஷாராணியின் இடுப்பில். ஸ்காட்லாந்தில் மறுபடியும் ஓட்டு வேண்டும் என்கிற பேச்சு அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது. தெய்வநாயகி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மழை நாளென்றால் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்று குரல் கொடுக்கிறாள். பதில் வந்த பிறகுதான் தாண்டுகிறாள்.