கல்லறைத் தோட்டம் போன ஐந்தாம் நம்பர்

இருபத்தேழு வருஷம் டிராம் ஓட்டியும் ஒரு தடவைகூடத் தப்பான பாதையில் திரும்பாதவன் ஹார்ட்முட். அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு நாளும் காபி குடிக்காதவனும் அவன்தான்.

ஹாலே நகரத்தின் அந்த டிப்போவில் ஒரு வழக்கம். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் பாதை மாற்றும் பொத்தானை அழுத்த மறந்து வண்டியை வேறு பாதையில் விட்டவர், வெள்ளிக்கிழமை காலை ஓய்வறைக்குக் கேக் கொண்டு வர வேண்டும். கடைக் கேக் செல்லாது, சொந்தக் கையால் சுட்டிருக்க வேண்டும். அதன் மேல் கிரீமால் இரண்டு விஷயம் எழுத வேண்டும்: எங்கே, ஏன். 'ஏன்' என்ற இடத்தில் இதுவரை தூக்கம், தும்மல், மாமியார் எல்லாம் வந்தாயிற்று. ஒவ்வொரு கேக்குக்கும் மார்க் போடுவது ஹார்ட்முட்டின் வேலை. யாரும் கொடுத்ததில்லை, தானாக எடுத்துக்கொண்டது. போன மாதம் சக டிரைவர் மாண்டியின் கேக்குக்குப் பத்துக்கு மூன்று போட்டுவிட்டு, "உன்ன மாதிரியே இதுவும் வழி தெரியாம நடுவுல உக்காந்துடுச்சு" என்று வேறு சொன்னான். அவள் அதை மறக்கவே இல்லை.

இவ்வளவு வாய் இருக்கிறதே, கட்டுப்பாட்டு அறையிலிருந்து இல்காவின் குரல் வண்டி ரேடியோவில் வந்துவிட்டால் போதும், ஐயாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டிப்போவில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. இவர்கள் இருவர் மட்டும் 'நீங்க'. அவனுக்கு வயது ஐம்பத்தாறு, மனைவி பிரிந்து போய்ப் பத்து வருஷம். வேலை முடிந்து ஒரு காபி சாப்பிடலாமா என்று இல்காவிடம் கேட்க இரண்டு வருஷமாகத் துடிக்கிறான். கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால்? தினம் எட்டு மணி நேரம் அதே குரலைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டுமே. அந்தக் குரலும் இல்லாமல் போனால் அவன் நாளில் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்தச் செவ்வாய்க்கிழமை, மழையோடு மழையாக, இன்று கேட்டே விடுவது என்று முடிவு செய்தான். ஓட்டிக்கொண்டே ஒத்திகை வேறு. "இல்கா, நீங்க... இல்ல, நீ... சே, நீங்க..."

வளைவில் எப்போதும் கிறீச்சிடும் சக்கரம் கிறீச்சிடவில்லை. வளைவே வரவில்லை! மிருகக்காட்சிசாலைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் எடுக்கவும் வழியில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், வட்டம் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அந்தக் கடைசி நிறுத்தம் கல்லறைத் தோட்டம்.

முன் இருக்கைக் கிழவர் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் குரங்கு பாக்கத்தானே ஏறினேன்? இப்பவே என்னக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறியே! இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்றேனே!"

"பயப்படாதீங்க," என்றாள் பின்னாலிருந்த பெண். "அங்க போனவங்க திரும்பி வர்ற ஒரே வண்டி இதுதான்."

வண்டியே சிரித்தது. ஹார்ட்முட்டின் காது மட்டும் சிவந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தது.

"அஞ்சாம் நம்பர், நீங்க எங்க இருக்கீங்க?"

"அது... தெற்குப் பக்கம்."

"தெற்குன்னா?"

"கல்லறைத் தோட்டம் பக்கம்."

இல்கா கேட்டாள்: "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" சிரிப்பை அடக்கிய குரல். அதற்குள் மாண்டி குறுக்கே புகுந்தாள்: "எனக்குப் பெரிய துண்டா வேணும்!" ரேடியோ எல்லா வண்டியிலும் கேட்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

வெள்ளிக்கிழமை மேசைமேல் மேல்தோல் ஓடு மாதிரி இறுகிய ஒரு கேக் கிடந்தது. 'எங்கே: கல்லறைத் தோட்டம்.' 'ஏன்' என்பதற்குப் பக்கத்தில் வெறுமை.

"'ஏன்' எங்க?" என்றாள் மாண்டி.

"கிரீம் தீந்துபோச்சு."

"இப்படிச் சொல்லுவேன்னு தெரியும். இந்தா." கைப்பையிலிருந்து கிரீம் பையை எடுத்து நீட்டினாள். மூன்று மார்க்குக்கு வட்டியும் முதலுமாக!

வெயில் கண்ணில் பட்டது என்று எழுதலாமா? செவ்வாய் முழுக்க மழை. தும்மல் என்று எழுதலாமா? நிமிர்ந்தான். ஒரு நாளும் கீழே இறங்கி வராத இல்கா வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். அத்தனை பேருடைய 'ஏன்'களையும் படித்துப் படித்துச் சிரித்தவன் அவன். இப்போது பொய் எழுதினால் அவனைவிடக் கோழை இந்த டிப்போவில் கிடையாது. பையை வாங்கி எழுதினான்:

இல்கா.

ஓய்வறை மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது.

இல்கா வந்தாள். தன் பெயர் இருந்த துண்டை வெட்டி எடுத்து, நின்றபடியே வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"உள்ள வேகவே இல்ல. பத்துக்கு ரெண்டு."

ஹார்ட்முட் தலை குனிந்துகொண்டான்.

"ரெண்டு வருஷமாத் தண்டவாளத்த என் பக்கம் திருப்பி வச்சிருக்கேன் ஹார்ட்முட். நீதான் நேரா நேரா போயிட்டே இருக்க."

அவன் காதில் விழுந்தது அந்த 'நீ' மட்டும்தான். இரண்டு வருஷ ஒத்திகையில் மிஞ்சிய ஒரே சொல் வெளியே வந்தது. "காபி...?"

"பின்ன?" என்றாள் இல்கா. "காபி இல்லாம இந்தக் கேக்க எவ முழுங்குவா?"