வால் எழுத்து

முதலில் வால்தான் வெளியே வருகிறது, சிவப்பாக, தடித்து, தூரிகை மயிர் பிரிந்ததுபோல ஓரமெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, அச்சு இயந்திரத்தின் வாயிலிருந்து வால், அதன் பிறகுதான் எழுத்து, என் பெயரின் கடைசி எழுத்தான ழி, நான்தான் கல்யாணப் பெண், என் பத்திரிகையை நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்திலேயே அடிக்கிறார்கள், இந்த வால் இதில் வரக் கூடாதே என்று நான் நினைப்பதற்குள் இயந்திரம் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் துப்பிக்கொண்டிருக்கிறது. கணினியில் இருந்த எழுத்துரு அது, அசல் பெயர் என்னவோ, நாங்கள் வால் எழுத்து என்போம், அகலமான தூரிகையைக் கெட்டி மையில் தோய்த்து ஒரே மூச்சில் இழுத்த மாதிரி இருக்கும், ஓடும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போல ஒவ்வோர் எழுத்தும் முன்னால் சாய்ந்திருக்கும், பட்டாசுப் பெட்டிக்கு அது, ஆடித் தள்ளுபடிக்கு அது, கபடிப் போட்டிக்கு அது, தொடர்கதைத் தலைப்புக்கும் அதுதான், ஒரு சொல் என்றால் துள்ளும், ஒரு வரி முழுக்க வைத்தால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும், முகவரிக்கு வைத்தால் தபால்காரர் அழுதுவிடுவார்.

நாள் முழுக்க அதில் பூச்சட்டி என்றும் சங்குசக்கரம் என்றும் ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறேன், என் பெயர் அதில் எப்படி இருக்கும் என்று ஒரு மதியம், டிபன் பாக்ஸில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அப்பா சரியென்று சொன்ன அடக்கமான பத்திரிகையை நகலெடுத்து, என் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன், ழியின் வால் பெயர் முழுவதற்கும் அடியில் ஓடி முதல் எழுத்தைத் தொட்டு நின்றது, எனக்குச் சிரிப்பு வந்தது, அழிக்க மனம் வரவில்லை, அச்சுக்குப் பிளேட் போடும் சுடலைமணி அண்ணன் அந்த நகலைத்தான் எடுத்துப் போயிருக்கிறார், பாக்கலையாண்ணே என்றால், பாத்தேன் தாயி, கல்யாணப் பொண்ணு ஆசைப்பட்டிருக்குன்னு நெனச்சேன், நல்லாத்தான இருக்கு என்கிறார்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மாற்றி அடிக்க நேரமில்லை, அப்பா அந்தப் பத்திரிகைக்கே மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனார், மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியன் அங்கே கடலை மிட்டாய் வியாபாரி, பாகு பதம் மாதிரி அவர் பேச்சும் கறார், என்ன சம்பந்தி, கல்யாணத்துக்குக் கூப்பிடுதீகளா வெடி விக்க வந்தீகளா, மாத்தி அடிச்சுட்டு வாங்க, இல்லன்னா இந்தச் சம்பந்தத்தையே யோசிக்கணும் என்றாராம், அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு ஞானவேல் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது, பெண் பார்க்க வந்த அன்று யாருக்கும் கேட்காமல், வேலைய மட்டும் விட்டுறாதீங்க என்று சொன்னவர், அப்படிச் சொல்லும் இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவேன், கண்ணை மூடினால் அந்த வால் சிவப்புப் பஸ்ஸாக மாறிக் கோவில்பட்டி ரோட்டில் என்னை ஏற்றிக்கொள்ளாமல் போகிறது.

பஸ் நிற்கிறது, ஞானவேல் இறங்குகிறார், இல்லை, அது கனவில்லை, மறுநாள் நிஜமாகவே அச்சகத்து வாசலில் அவர்தான், சட்டைப் பையில் பத்திரிகை, ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டு எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள், எங்கப்பா மாத்தி அடிக்கச் சொல்லுதாங்க என்றார், சரிங்க, என் பேரச் சின்னதாக்கிடுறேன் என்றேன், அதுக்கு வரலங்க, உங்க பேரு குதிரை மாதிரி நிக்குது, என் பேரு பக்கத்துல எறும்பு மாதிரி ஊருது, என்னையும் அந்தக் குதிரையில ஏத்த முடியுமா என்கிறார், சுடலைமணி அண்ணன் இருமுவதுபோலச் சிரிக்கிறார், நான் தொழிலைப் பேசினேன், இந்த எழுத்துல ரெண்டு பேர பக்கத்துல பக்கத்துல வச்சா சண்ட போடுங்க, அப்ப மேல ஒண்ணு கீழ ஒண்ணு வைங்க என்றார், மேல யாரு என்றேன், நீங்களே இருங்க, எனக்கு உயரம்னா பயம், வைத்தேன், கீழே அவர் பெயர், தும்பிக்கையைச் சுருட்டிய யானை மாதிரி அந்த ஞா, மேலிருந்து ழியின் வால் இறங்கி அந்தச் சுருட்டலுக்குள் போய் நுழைந்துகொண்டது, நான் நுழைக்கவில்லை, தானாகப் போனது, அல்லது இத்தனை காலமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு என் கை எதிலும் ஓடவில்லை, பூச்சட்டிக்குச் சட்டி அடித்துப் பூவை விட்டேன், சாயங்காலம் போன் வந்தது, மாமனாராகப் போகிறவரே பேசினார், ஏம்மா, இத மொதல்லயே செய்யக் கூடாதா, எம்புள்ள பேரு இப்பத்தான் என் கண்ணுக்கே தெரியுது, வெடி மாதிரி இருக்குன்னீங்களே என்று கேட்டுவிட்டேன், இருக்கட்டுமே, என்றார், ரெண்டு பேரும் சேந்து வெடிச்சா எனக்கென்ன.

கோவில்பட்டியில் இப்போதும் முதலில் வால்தான் வெளியே வருகிறது, எங்கள் கடலை மிட்டாய் பொட்டலங்கள் பாக்கிங் இயந்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன, எழுத்து நான் அச்சகத்தில் வைத்தது, பெயர் கடையின் பெயர், அதில் ழியும் இல்லை ஞாவும் இல்லை, ஆனாலும் மாமா வால் கேட்டார், கடைசி எழுத்தில் இழுத்து வைத்தேன், தினமும் காலையில் முதல் பொட்டலத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார், மிட்டாயை அல்ல, மருமகளே, இன்னைக்கு வால் கொஞ்சம் குட்டையா இருக்கே, இல்ல மாமா, நேத்து இருந்த அதே வால்தான், பின்ன ஏன் குட்டையாத் தெரியுது, உள்ளேயிருந்து ஞானவேல் குரல் வருகிறது, எறும்பு தின்னுருக்கும்ப்பா.