செருப்பில் சுற்றிய ருவைஸ்

பிஸ்கட் டின் காலியாக இருந்தது. சிவமலர் அதைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டாள்.

வளைகுடா நாட்டில், ரோலாப் பகுதியில், ஜுலைஹா பீவி வீட்டில் ஓர் அறையில் இருந்தாள் அவள். யாழ்ப்பாணத்துக்காரி, கம்பெனியில் டைப்பிஸ்ட். மூன்று வருட வெள்ளிக்கிழமைகளில் தன்னந்தனியாகப் பஸ்ஸிலும் டாக்சியிலும் பாலைவனக் கோடியிலிருந்த ருவைஸ் வரை அலைந்து எழுதிய பயணப் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டு தாள்கள், அந்த டின்னில்தான் கிடந்தது. வேறு படி இல்லை. கொழும்பில் அச்சுப் போட ஒருவர் சம்மதித்திருந்தார். விசா முடிய ஒன்பது நாள்தான். போனால் அந்த இடங்களைத் திரும்பி வந்து பார்க்க வழியில்லை.

ஜுலைஹா அடுப்படியிலிருந்து சாவகாசமாகச் சொன்னாள்: "அந்தக் காயிதமா? மச்சான் பெட்டிக்குக் கயிறு தேடும்போது ஆப்புட்டுச்சு. இருவது சோடி செருப்பு புள்ள. அரபுப் பேப்பரச் செருப்புல சுத்தலாமா? அல்லா பேரு கிடக்கும். அதான் தமிழாப் பாத்து எடுத்தேன்."

குர்ஆன் ஓதுவாள், தமிழ் எழுத்து தெரியாது. கணவர் கலீலுர் ரஹ்மான் சொந்த ஊரான கீழக்கரைக்குப் போகப் பெட்டியோடு விடியற்காலையே விமானம் ஏறிவிட்டார்.

"அக்கா, அது நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினதுதான்," என்றாள் சிவமலர்.

ஜுலைஹாவின் கை நின்றது.

கீழக்கரைக்கு டிரங்க் கால் கிடைக்க மூன்று நாளாயிற்று. செருப்பெல்லாம் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். தாள் அடுப்புப் பற்றவைக்க ஆயிற்றாம். கலீலுர் ரஹ்மான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

சிவமலர் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணலின் நிறம்கூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. சோறும் தொடவில்லை. ஜுலைஹா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"ருவைஸ் டாக்சியில டிரைவர் பட்டாணியன், 'புருசன் எங்கே'ன்னு கேட்டான். 'நடந்து வாறார், நீ வண்டிய எடு'ன்னே நீ."

சிவமலர் நிமிர்ந்தாள். அது நாற்பதாம் தாள்.

"வெளியே என்ன தெரிஞ்சதெண்டு எழுதியிருந்தனான் அக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தங்கல புள்ள. பேசினது மட்டும்தான் காதுல கிடக்கு."

நான்கு நாள் மீதியிருந்தது. சிவமலர் பேனா மூடியைக் கழற்றினாள்.

"அவன் பிறகு என்ன சொன்னவன்? மெதுவாச் சொல்லுங்கோ."